மெழுகுச் சட்டை

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு முழுவதும் மெழுகுப் பொட்டலங்கள்தான். தோசை மாவுப் பாத்திரம் மேல்தட்டுக்குப் போய் வெகுநாளாகிறது. பாலும் தயிரும் கதவோரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் பாட்டில் எடுக்கத் திறக்கும் விருந்தாளிகள், “இது என்ன, சோப்பா?” என்று கேட்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். உள்ளங்கை அகலம், பிஸ்கட் கனம், வெள்ளை நிறம். தம்பி உடம்புக்கு வேண்டியது என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அதற்கு மேல் பேச எனக்கு வராது. நாலு பேர் இருக்கும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். பிழைப்புக்காக வங்காளத்துக்கு வந்த அப்பா பாலிகஞ்ச்சில் ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். லேக் கார்டன்ஸில் இந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் வந்தபோது தம்பி கைக்குழந்தை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். அவன் கல்யாணம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்து பதில் சொல்லியிருப்பேனா என்று தெரியாது.

தம்பி தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தான். என்னைப் போல் இல்லை அவன். தெருமுனையில் வங்காள மொழியில் அவன் பேசிச் சிரிக்கும் சத்தம் இரண்டாவது மாடிக்குக் கேட்கும். நிலையத்தில் அவனை ‘மத்ராஸி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குத் தமிழ் என்பது என்னோடு பேசுவதற்கு மட்டும் வைத்திருக்கும் மொழி. அதிலும் பாதி வங்காளம் கலந்திருக்கும்.

நான் கிடர்பூரில் ஒரு தையல் பட்டறைக்குப் போகிறேன். துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்பவர்களுக்கான ஏப்ரன், கையுறை, அப்புறம் தீயணைப்புக்காரர்கள் போடும் கனத்த கோட்டு, இவையெல்லாம் அங்கே தைக்கிறோம். துணி வெட்டும் மாஸ்டர் கிடர்பூர்க்காரர். தாடி நரைத்தவர், வாய் ஓயாதவர். என்னை ‘திதி’ என்பார்; இங்கே அக்காவுக்குத் திதி, அண்ணனுக்குத் தாதா. நான் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தால், “திதி இன்னைக்கு ரொம்பச் சத்தம், காது வலிக்குது” என்பார்.

ஒரு குளிர்காலத்தில்தான் அந்த மெழுகு முதலில் வந்தது. முதலாளி ஓர் ஆளைக் கூட்டிவந்து மேசைமேல் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே வெள்ளைப் பொட்டலங்கள். அந்த ஆள், “இது சும்மா மெழுகு இல்ல. சூட்டைக் குடிக்கிற மெழுகு” என்றார்.

“குடிச்சா வெளிய போகணுமே. பட்டறையில இருக்கறது ஒரே ஒரு பாத்ரூம்” என்றார் மாஸ்டர். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார்.

பிறகு நிதானமாகச் சொன்னார். கோட்டு நெருப்பை வெளியே நிறுத்துகிறது, சரி. ஆனால் உள்ளே இருக்கிற மனிதனின் சூட்டையும் அது வெளியே விடுவதில்லை. வியர்வை காய வழியில்லை. நெருப்பு ஆளைத் தொடாமலே அவன் தன் சூட்டிலேயே விழுந்துவிடலாம். அதற்காகத்தான் கோட்டுக்குள்ளே போட ஒரு மெல்லிய சட்டை. அதில் பைகள், பைகளில் இந்த மெழுகு.

“தண்ணியில ஐஸ் கிடக்கற வரைக்கும் தண்ணி சில்லுன்னு இருக்கும் இல்ல, அந்த மாதிரி. ஐஸை நேரா உடம்புல வெச்சா தோல் மரத்துப்போகும், நனைக்கும். இது நனைக்காது. உடம்புச் சூட்டை வாங்கி வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமா உருகும். முழுசா உருகற வரைக்கும் அந்த மனுஷனுக்கு இதமா இருக்கும்.”

“உருகின பிறகு?” என்று யாரோ கேட்டார்கள்.

“உருகின பிறகு அது சுமை. மறுபடி குளிர வெச்சுக் கெட்டியாக்கணும்.”

எங்கள் வேலை பைகளைத் தைப்பது. முன்னால் மார்புப் பக்கம், பின்னால் முதுகு நெடுக. ஒவ்வொரு பைக்கும் ஒட்டி மூடும் ஒரு வாய். அளவு பார்ப்பதற்காகப் பொட்டலத்தை உள்ளே போட்டு எடுப்போம். குளிர்காலத்தில் மேசைமேல் கிடந்த பொட்டலங்கள் தானாகவே ஓடு போல் கெட்டியாக இருந்தன. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் டக்கென்று சத்தம் வரும். டோல் என்கிற ஹோலிப் பண்டிகை முடிந்து வெயில் ஏறியதும் அவையே தொளதொளவென்று தண்ணீர்ப் பைகள் மாதிரி ஆகிவிட்டன. மேலே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால்தான் தெரியும். எனக்கு அந்த அழுத்தல் பழகிவிட்டது. வீட்டில் அரிசி டப்பாவைக்கூட அழுத்திப் பார்ப்பேன்.

சோதனைக்காகச் சில சட்டைகள் தம்பியின் நிலையத்துக்குப் போயின. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் கேட்டான்.

“அக்கா, அந்தச் சட்டை நீ தெச்சதா?”

“எங்க பட்டறைதான். யார் தெச்சதுன்னு எப்படிச் சொல்றது.”

“நீதான். பின்னாடி நடுவுல ஒரு பொட்டலம் என் முதுகெலும்பையே தேடிப் புடிச்சுக் குத்துது. வேற யாருக்கு என்மேல அவ்வளவு கோபம்?”

“ஒழுங்கா சாப்பிட்டா எலும்பு வெளிய தெரியாது. மோர் ஊத்திக்கோ.”

“ஆனா ஷோனோ, கேளேன், நல்லா இருக்கு. போட்டதும் யாரோ முதுகுல ஈரத்துணி வெச்ச மாதிரி. ஒரு நிமிஷம் அம்மா ஞாபகம் வந்துடுச்சு.”

சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா அப்படித்தான் ஈரத்துணி வைப்பாள். நான் அவன் தட்டில் மோரை ஊற்றினேன்.

நிலையத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் சுவரில் ஒரு கொக்கி. கோட்டும் தலைக்கவசமும் கொக்கியில். கீழே பூட்ஸ், அதன்மேல் சுருட்டி இறக்கிவிட்ட கால்சட்டை. மணி அடித்தால் காலை நேராகப் பூட்ஸுக்குள் விட்டுக் கால்சட்டையை மேலே இழுத்துக்கொண்டு ஓடவேண்டியதுதான். ஒருவன் பொருளை இன்னொருவன் தொடமாட்டான், எதையும் கொக்கியிலிருந்து பிரித்து வேறு இடத்தில் வைக்கமாட்டான். அந்தப் பழக்கத்தில் மெழுகுச் சட்டையையும் கொண்டுபோய்க் கோட்டுக்குள்ளேயே மாட்டிவிட்டார்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே. மத்தியானத்துக்குள் எல்லாம் தண்ணீர்.

தம்பிதான் முதலில் சண்டை போட்டான். சமையலறை ஃப்ரிட்ஜில் பொட்டலங்களை வைக்கவேண்டும் என்றான். சமையல்காரர் வழியை மறித்துக்கொண்டு நின்றாராம். அதை அவன் நடித்தே காட்டினான்.

“‘மீனுக்குப் பக்கத்துல மெழுகா? நாளைக்குக் குழம்புல மெழுகு மிதந்தா யாரைத் திட்டுவீங்க? என்னைத்தானே?’ன்றாரு. நான் சொன்னேன், ‘தாதா, இப்ப மட்டும் என்ன மிதக்குதுன்னு எங்களுக்குத் தெரியுதா?’ன்னு. அவ்வளவுதான், கரண்டியை எடுத்துட்டாரு.”

கடைசியில் மீனுக்கு மேல்தட்டு, மெழுகுக்குக் கீழ்த்தட்டு என்று சமாதானம் ஆயிற்று. “மத்ராஸி வந்து நம்ம ஃப்ரிட்ஜையே பாகம் பிரிச்சுட்டான்” என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அந்தச் சித்திரை முடிவதற்குள்தான் அது நடந்தது. ஊருக்கு வடக்கே ஒரு சந்துக்குள் பிளாஸ்டிக் சாமான் அடைத்துவைத்த கிடங்கு. காலையிலேயே பிடித்த நெருப்பு. நான் பட்டறையில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. அவனோடு உள்ளே போனவர்கள் பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை உள்ளே போய் வந்தபோது தம்பி சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தான். வந்ததும் பொட்டலங்களை மாற்றவேண்டும். மாற்றுப் பொட்டலங்கள் இருந்த ஐஸ் பெட்டி இரண்டாவது வண்டியில். அந்த வண்டி சந்து முனையில் கூட்டத்துக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டதாக யாரோ சொன்னார்கள். அவன் கோட்டுக்குள் கையை விட்டு மார்பை அழுத்திப் பார்த்தான். “இன்னும் கெட்டியாத்தான் இருக்கு” என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

கையில் கையுறை இருந்தது. நாங்கள் தைக்கிற கையுறைதான். தோல், அதற்குள் பஞ்சு, அதற்குள் இன்னொரு துணி. அந்தக் கையுறையோடு அழுத்தினால் தண்ணீர்ப் பையும் கெட்டியாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்க்க நேரமில்லை. அங்கே இருந்த யாருக்கும் அது தோன்றவும் இல்லை.

உள்ளே யாரும் இருக்கவில்லை. எல்லோரும் முன்பே வெளியே வந்திருந்தார்கள். இரண்டாவது தடவை அவன் தானாக நடந்து வெளியே வரவில்லை. உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. கோட்டைக் கழற்றியபோது தோல் காய்ந்து, அடுப்பிலிருந்து எடுத்த பாத்திரம் மாதிரி சுட்டது என்றார்கள். தூக்கியவர்களிடம் அவன் தமிழில் ஏதோ பேசினானாம். அவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. என்ன பேசினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்துக் கால்பொய்ஷாகி என்கிற கோடைப் புயல் வந்தது. புழுதி கிளம்பி, ஜன்னல்கள் அடித்துக்கொண்டு, பிறகு மழை. ஒரு நொடியில் ஊர் முழுவதும் குளிர்ந்துபோனது. தாழ்வாரத்தில் நின்றவர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஒரு பெண் கையை வெளியே நீட்டி மழையைப் பிடித்தாள். நான் சுவரோரமாக நின்று அந்த மழையை வெறுத்தேன். காலையில் வந்திருக்கக் கூடாதா என்று.

பல நாள் கழித்து அவன் கண் திறந்தான். டாக்டர் எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். மூளையில் நடையையும் பேச்சையும் கவனித்துக்கொள்கிற பாகம் சூட்டில் கெட்டிருக்கிறது. கொஞ்சம் தேறும், முழுவதும் தேறும் என்று சொல்லமுடியாது. அதோடு, அவன் உடம்புக்கு இனிமேல் சூட்டைச் சமாளிக்கத் தெரியாது. நமக்கு வியர்த்து அடங்குவதுபோல் அவனுக்கு அடங்காது. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலும் ஆபத்து.

“நெருப்புப் பக்கமே போகக்கூடாது, திதி. அவர்கிட்ட மெதுவா நீங்கதான் சொல்லணும்” என்றார்.

நான் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. அவரே ஒரு நாள் அவனிடம் சொன்னார். அவன் கேட்டுக்கொண்டு, வார்த்தைகளைத் தேடித் தேடி, “டாக்டர்பாபு, எங்க வேலைல யாரும் பக்கத்துல போங்கன்னு சொல்றதே இல்ல. நாங்களாத்தான் போறோம்” என்றான். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் மனதில் நின்றது.

வீட்டுக்கு வந்தான். ஓடுகிற படகில் நடப்பவன் மாதிரி நடந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து அறை. ஜன்னல் மூடி, ஏசி போட்ட அந்த ஓர் அறைதான் அவன் உலகம். தெருவில் பழைய நண்பர்கள் கூப்பிட்டால் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையாட்டுவான். குரல் கொடுக்கமாட்டான். குழறும் என்று பயம். எங்கள் வீட்டில் வாயாடியாக இருந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது இரண்டு பேரும் பேசாதவர்கள் ஆனோம்.

மாஸ்டரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் ஒரு பையை என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு மெழுகுச் சட்டை. பட்டறைத் துணி கிடையாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி, சாதாரணச் சட்டைக்கு உள்ளே போட்டாலும் வெளியே தெரியாத மாதிரி வெட்டியிருந்தார். சாம்பிளாக வந்த பொட்டலங்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி அவரே போட்டிருந்தார்.

“முதுகுல நடுப் பையை எடுத்துட்டேன். அங்க குத்துதுன்னு உன் தம்பி சொன்னதா ஒரு தடவை சொன்னியே” என்றார்.

நான் எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. பட்டறையில் நான் சொன்ன நாலு வார்த்தையில் ஒன்றை இவர் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவர், “சரி சரி, காது வலிக்குது” என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சட்டை வந்த பிறகு தம்பி அறையை விட்டு வெளியே வந்தான். முதலில் மாடித் தாழ்வாரம். பிறகு படி. பிறகு சாயங்கால வேளையில் தெருமுனை வரை. மெழுகு கெட்டியாக இருக்கும் வரை நடப்போம். நடுவே நின்று அவன், “அக்கா, பாரு” என்பான். நான் அவன் முதுகில் கைவைத்துக் கட்டைவிரலால் அழுத்துவேன். “கல்லு மாதிரி இருக்கு” என்றால் இன்னும் கொஞ்ச தூரம். “உருகிடுச்சு” என்றால் திரும்பிவிட வேண்டும். அவன் விரல்கள் நடுங்குவதால் இந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டான். தெருவில் போகிறவர்கள் பார்த்தால், அக்கா தம்பியைத் தட்டிக்கொடுக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆவணி பிறந்தபோது ஒரு நாள் சொன்னான்.

“விஸ்வகர்மா பூஜைக்கு நான் ஸ்டேஷனுக்குப் போகணும்.”

“போகலாம். டாக்ஸியில போயிட்டு வரலாம்.”

“போயிட்டு வர இல்ல. உன் கையைப் புடிக்காம வண்டி வரைக்கும் நடப்பேன். வண்டியில ஏறி என் சீட்ல உக்காருவேன். லீடர்தா பாக்கணும். பாத்துட்டு அவரே மெடிக்கல் போர்டுக்கு எழுதுவாரு.”

லீடர்தா என்பது அவன் குழுவின் தலைவர். என்ன எழுதுவார், போர்டு என்ன சொல்லும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது அவனுக்கும் நினைவிருக்கும். இருந்தும் அவன் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி இறங்கிப் பழகினான். விழுந்தான். முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டேன். மறுநாளும் ஸ்டூலைப் போட்டான்.

பூஜையன்று வானம் முழுவதும் பட்டங்கள். வீடு வீடாக மொட்டைமாடியில் பட்டம் அறுந்ததும் “போ-காட்டா” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து உள்ளே வைத்தேன். மாற்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, வேண்டாம், இது போதும் என்றான். மேலே இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. பொத்தானை மட்டும் நான் போட்டுவிட்டேன்.

நிலையத்தின் பெரிய கதவுகள் திறந்திருந்தன. சிவப்பு வண்டியைக் கழுவித் துடைத்து, கண்ணாடியிலிருந்து ஏணி வரை சாமந்தி மாலை தொங்கவிட்டிருந்தார்கள். அதன் முன்னால் யானைமேல் உட்கார்ந்த விஸ்வகர்மா. கிச்சடி வாசனை. அவனைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டார்கள். அப்படி எழுந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. முன்பெல்லாம் அவன் உள்ளே வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், இருந்த இடத்திலிருந்தே திட்டுவார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

சமையல்காரர் ஒருவர்தான் பழைய மாதிரி இருந்தார். “ஏய் மத்ராஸி, நீ போனதிலிருந்து உன் கீழ்த்தட்டு அப்படியே இருக்கு. என் இலிஷ் மீன் காலை மடக்கிக்கிட்டுப் படுத்திருக்கு” என்றார்.

“மீனுக்கு ஏது தாதா காலு?” என்றான் தம்பி. குழறியது. ஆனால் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

லீடர்தா வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “வா வா. ஆபீஸ்ல ஜன்னல் பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன். ஏசிக்கு நேரா. போன் எடுக்கிற வேலை. நான் இருக்கற வரைக்கும் அது உன்னுது” என்றார். அன்போடுதான் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான். “அப்புறம் லீடர்தா. முதல்ல வண்டி” என்றான்.

நடந்தான். என் கையைப் பிடிக்கவில்லை, யார் கையையும் பிடிக்கவில்லை. எல்லோரும் பேசுவதுபோல் பாவனை செய்துகொண்டு அவன் கால்களையே பார்த்தார்கள். வழியில் சுவரோரம் கொக்கிகள். அவன் கொக்கியின் முன்னால் ஒரு கணம் நின்றான். வேறு ஒருவருடைய கோட்டு. கீழே வேறு அளவுப் பூட்ஸ், அதன்மேல் ஒழுங்காகச் சுருட்டி இறக்கிய கால்சட்டை. தொடாமல் நடந்தான்.

வண்டியின் படியில் வலது காலை வைத்தான். கைப்பிடியைப் பிடித்து எம்பினான். இடது கால் வரவில்லை. மறுபடி எம்பினான். மூன்றாவது தடவை ஏறிவிட்டான். ஏறி, ஜன்னலோரத்தில் தன் இருக்கையில் உட்கார்ந்து, சாமந்தி மாலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் எங்கே இருக்கிறேன் என்பதையே மறந்து கையை உயர்த்திவிட்டேன். யாரோ கைதட்டினார்கள். லீடர்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மணி அடித்தது.

எல்லாம் ஒரு நொடியில். கிச்சடித் தட்டுகள் தரையில். கால்கள் பூட்ஸுக்குள். சமையல்காரர் ஃப்ரிட்ஜிலிருந்து மெழுகுச் சட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தார், பின்னாலேயே ஐஸ் பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். ஒவ்வொருவரும் சட்டையை மாட்டியதும் கையுறை போடுமுன் வெறும் கட்டைவிரலால் மார்பை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினார்கள். ஒருவர் விடாமல். அது யாருக்குப் பிறகு வந்த வழக்கம் என்று எனக்குப் புரிந்தது. தம்பிக்கும் புரிந்திருக்கும்.

அவன் இருக்கையில் உட்காரவேண்டியவர் வண்டிக்குக் கீழே வந்து நின்றார். தம்பி எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. “தாதா, கொஞ்சம்…” என்றார் அந்த ஆள். தம்பி கைப்பிடியைத் தேடினான், கை நடுங்கிப் பிடி தவறியது. ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். லீடர்தா “ஜல்தி” என்றார். யாரைப் பார்த்து என்று இல்லாமல், பொதுவாக. இரண்டு பேர் ஏறி அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். பழக்கப்பட்ட கைகள். வேகமாக, நோகாமல், கிடங்கிலிருந்து ஆளைத் தூக்கிவருகிற மாதிரியே தூக்கி இறக்கி, கிச்சடி அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

மாலையைக் கழற்ற யாருக்கும் நேரமில்லை. சாமந்தி உதிர உதிர வண்டி போய்விட்டது.

ஒரு வண்டி கிளம்ப எவ்வளவு நேரம் ஆகவேண்டும், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அவன் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் எண்ணெய்க் கறை, பூக்கள். சமையல்காரர் ஒரு தட்டில் கிச்சடி எடுத்துவந்து அவன் மடியில் வைத்தார். “சாப்பிடு. வந்துடுவாங்க” என்றார். அவன் ஸ்பூனைத் தொடவில்லை.

“போலாம் அக்கா.”

“இப்பதானே வந்தோம். அவங்க திரும்பி வரட்டுமே. லீடர்தாகிட்ட பேசணும்னு சொன்னியே.”

“மெழுகு உருகிடுச்சு.”

நான் அவன் பின்னால் போய் முதுகில் கைவைத்தேன். இந்தத் தடவை அவன் “பாரு” என்று சொல்லவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். தோளுக்குக் கீழே ஒன்று, இடுப்புக்கு மேலே ஒன்று. கல்லு மாதிரி இருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. என் விரல் சொல்வதை அவன் முதுகும் அறிந்திருக்கும். குளிர்ச்சி அவன் தோலில்தானே இருக்கிறது.

“ஆமாண்டா. உருகிடுச்சு” என்றேன்.

சமையல்காரர், “எங்க ஃப்ரிட்ஜ்ல வேற பொட்டலம் இருக்கே திதி, மாத்திக்கிட்டு இருங்களேன்” என்றார். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டாக்ஸி வரும்வரை தம்பியின் தலைக்குமேல் ஒரு தட்டை நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டாக்ஸி ஏறினோம். வானத்தில் அறுந்த பட்டம் ஒன்று ரொம்ப தூரம் எங்கள் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டான். கதவை முழுவதும் சாத்தவில்லை.

அதன் பிறகு அவன் ஸ்டூலை எடுக்கவில்லை. நிலையத்திலிருந்து போன் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்வான். ஜன்னல் பக்கத்து நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், லீடர்தா சொன்னார். சாயங்காலத்தில் எப்போதாவது தெருமுனை வரை போகிறோம். கெட்டியாக இருக்கும்போதே “உருகிடுச்சு” என்பான். நானும் அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

பூஜையன்று வீட்டுக்கு வந்ததும் பொட்டலங்களைப் பைகளிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் அடுக்க உட்கார்ந்தேன். ஓரம் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது, மற்றபடி எல்லாம் கெட்டி. ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. அவன் அறை சமையலறைக்கு அடுத்ததுதான். கையை நிறுத்தினேன். பிறகு ஒரு பழைய புடவைத் துண்டைக் கிழித்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நடுவே மடித்து வைத்து, சத்தம் வராமல் அடுக்கினேன்.